ஆறு நாளும் ஓர் ஆறும்

விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் பொழுதெல்லாம் கைத்தொலைபேசியை உற்றுநோக்கிக்கொண்டு வீட்டில் முடங்கிக் கிடக்கின்றனர். அவர்களுக்குப் பிரயோசனமான பாடம் ஏதேனும் ஒரு வாரத்திற்கு நடத்தித் தர வேண்டும் என்று நமதூர்ப் படிப்பகத்தார் நம்மைக் கேட்டுக்கொண்டனர். நாமும் இசைந்தோம். எப்பாடம் என்று வினவியபோது, சுற்றுச்சூழல் அறிவியல் என்றோம். கேட்டவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. "சோதனையில் வருகிற கணிதமோ ஆங்கிலமோ நடத்தினால் பெற்றோர் மகிழ்வார்களே" என்றார் ஒரு பெரியவர். "குடிக்கின்ற நீர் எங்கிருந்து வருகிறதென்று அறியாத பிள்ளை, கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கி யாது பயன்?" என்று நாம் சற்று மிடுக்காகவே விடையிறுத்தோம். அம்மிடுக்கு அவ்வாரக் கடைசியில் எங்ஙனம் அடங்கிற்று என்பதே இக்கட்டுரையின் விஷயம். பிறருக்குப் பாடம் சொல்லப் போந்த நாம், நாமே கற்றுக்கொண்ட பாடத்தை மறைப்பது நேர்மையன்று, ஆதலின் எழுதுகின்றோம்.

நமதூர், சிலாங்கூர் ஆற்றோடு சென்று சேரும் சிற்றாறு ஒன்றின் கரையில் அமைந்தது. ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரக் காடு, பின்னர் செம்பனை, இப்பொழுது பாதி செம்பனை, மற்றப் பாதி வீடுகளும் பட்டறைகளும். தோட்டங்கள் விலைபோனபோது லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே நம் மாணாக்கர். ஒன்றாம் படிவம் முதல் மூன்றாம் படிவம் வரை பயில்வோர் 14 பேர் வந்தனர். பள்ளியில் அறிவியலை வேறு மொழியில் கற்பவர்கள். தமிழில் அறிவியல் பேசலாம் என்பதே அவர்களுக்குப் புதுமையாக இருந்தது. 'பிராணவாயு' என்றதும் ஒரு பெண் சிரித்தாள். பாட்டி தைலத்தின் பெயர் போல் இருக்கிறதென்றாள். ஆயினும் மூன்றாம் நாளுக்குள் அச்சொல் எல்லார் வாயிலும் புழங்கலாயிற்று.

திங்கட்கிழமை காலையில் கரும்பலகையில் மூன்று விதிகளை எழுதினோம். கண்டதை எழுது; அளந்ததை எழுது; எழுதியதை அழிக்காதே. அறிவியலுக்கு இதற்கு மேற்பட்ட வேதம் இல்லை என்றும், சாத்திரம் சொன்னாலும் சர்க்கார் சொன்னாலும் அளவுகோல் சொல்வதே முடிவு என்றும் விளக்கினோம். பிள்ளைகள் அவற்றைத் தத்தம் நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதிக்கொண்டனர்.

பிறகு, வீட்டுக் குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். "தொட்டியிலிருந்து" என்றான் ஒருவன். "தொட்டிக்கு?" என்றோம். "குழாயிலிருந்து" என்றான். எல்லாரும் நகைத்தனர், ஆனால் அவனைவிட நல்ல விடை ஒருவரிடமும் இல்லை. தித்திவாங்சா மலைத்தொடரில் பிறந்து, குவாலா குபு பாரு வழியே இறங்கி, 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, குவாலா சிலாங்கூரில் மலாக்கா நீரிணையோடு கலக்கும் சிலாங்கூர் ஆற்றை வரைந்து காட்டினோம். கிள்ளான் பள்ளத்தாக்கின் பல லட்சம் வீடுகள் அவ்வாற்று நீரையே பருகுகின்றன என்றதும், பிள்ளைகள் வரைபடத்தை நெருங்கி வந்து பார்த்தனர்.

ஆற்றை மனிதன் என்ன செய்தான், மனிதனை ஆறு என்ன செய்தது என்பதற்கு அவ்வாற்றங்கரையிலேயே சரித்திரம் உளது. பழைய குவாலா குபு பட்டணத்தில் 1883-ஆம் ஆண்டில் அணை உடைந்து வெள்ளம் பாய்ந்து பலர் மாண்டனர். அதன் பின்னரும் மேற்புறத்து ஈயச் சுரங்கங்களிலிருந்து, நம்மவர் வழக்கில் ஈயலம்பங்களிலிருந்து, கழுவி விடப்பட்ட மண் ஆற்றுப் படுகையை ஆண்டாண்டாக மேடாக்கிற்று. படுகை உயர உயரப் பட்டணம் தாழ்ந்தது. மழைதோறும் நீர் கடைத்தெருவுக்குள் புகுந்தது. முடிவில் பட்டணத்தையே கைவிட்டு, மேட்டு நிலத்தில் புதிய பட்டணம் கட்டினர். இன்று 'பாரு', அதாவது புதியது, என்று அவ்வூர்ப் பெயரின் முடிவில் நிற்கும் சொல்லுக்கு இதுவே காரணம். மேலே ஒருவன் கொட்டும் மண், கீழே ஒருவன் வீட்டைப் புதைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

"இது பழங்கதை அன்றோ?" என்றாள் ஒரு பெண். 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தை நினைவூட்டினோம். ராவாங் வட்டாரத்துச் சுங்கை கோங் என்னும் சிற்றாற்றில் கழிவு கலந்து நாற்றம் எழுந்தமையால், சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பத்து லட்சத்திற்கு மேற்பட்ட குழாய்க் கணக்குகள் வறண்டன. அப்பொழுது இப்பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதினர். வாளி சுமந்ததும், நீர் லாரியின் பின்னே வரிசையில் நின்றதும், இரவில் தாய் அண்டையயலாரோடு சண்டையிட்டதும் ஒவ்வொருவருக்கும் நினைவுக்கு வந்தன. அன்று அவர்கள் எழுதிய முதற் குறிப்பு வாளிகளைப் பற்றியதே.

செவ்வாய்க்கிழமை ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றோம். வேன் தந்து உதவியவர் ஒரு மாணவனுடைய தந்தையார். அவர் நமதூரில் வாகனங்கள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். வாடகையும் வாங்கவில்லை, எண்ணெய்ச் செலவும் வாங்கவில்லை. "பிள்ளைகள் நாலு விஷயம் தெரிந்துகொண்டால் போதும் வாத்தியாரே" என்றார். தாம் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் என்பதை அவரே சொன்னார். அவருடைய மகன் மூன்றாம் படிவம், அதிகம் பேசான், நன்றாகக் கேட்பான்.

குவாலா குபு பாருவுக்கு மேலே ஆறு கற்களின்மீது தாவி ஓடுகிறது. இறங்குமுன் ஒரு பெண்ணைக் கரையில் காவல் நிறுத்தினோம். மலையில் பெய்யும் மழை கண்ணுக்குத் தெரியாது. நீர் திடீரெனக் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வரின், அக்கணமே கரையேற வேண்டும். இந்நாட்டார் அதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீரின் தலை என்று பொருள். அத்தலை வந்த பின் ஓடுபவர் தப்புவது அரிது.

கற்களைப் புரட்டிப் பார்க்கச் சொன்னோம். முதலில் ஒன்றுமில்லை என்றனர். பொறுமையாய் நோக்கிய பின்னரே, கல்லோடு கல்லாய் ஒட்டிக்கிடந்த சிற்றுயிர்கள் தெரியலாயின. மூன்று வால்நூல்களும் உடலின் பக்கங்களில் படபடக்கும் செவுள்களும் உடையது மேஃபிளை என்னும் பூச்சியின் இளம்பருவம். மணலையும் பொடிக்கல்லையும் தன் பட்டு நூலால் ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொண்டு உள்ளே வாழ்வது காடிஸ் என்பதன் புழு. இவை பிராணவாயு நிறைந்த குளிர்ந்த ஓடுநீரிலேயே வாழ வல்லவை. நீர் கெட்டால் முதலில் மறைவன இவையே. ஆதலின் இரசாயனச் சோதனை ஏதுமின்றியே, இவற்றைக் கண்ட இடத்தில் நீர் நன்று என்று சொல்லலாம். நமது வெப்பநிலையில், அதாவது 25 பாகையளவில், ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயுவையே கரைத்து வைத்திருக்க இயலும் என்பதையும், பாறைகளில் மோதி நுரைக்கும் நீர் அவ்வெல்லையை நெருங்கி நிற்கும் என்பதையும் அங்கேயே அளந்து கண்டனர். "எட்டே மில்லிகிராமா? அதை வைத்துக்கொண்டா இத்தனை உயிரும்?" என்று அந்தப் பேசாத மாணவன் கேட்டான். அன்று அவன் பேசியது அவ்வொன்றுதான்.

புதன்கிழமை நமதூர்ச் சாக்கடைக்கு வந்தோம். நம்மவர் இதனை 'லோங்காங்' என்பர். வீட்டுக்குப் பின்னே ஓடுவது, கண்ணில் படாதது, ஆகவே யாருக்கும் சொந்தமில்லாதது. அச்சாக்கடை சிற்றாற்றில் விழும் இடத்தில் நின்றோம். நேற்று நெற்றி வியர்க்கத் தேடிய உயிர்களில் ஒன்றும் அங்கே இல்லை. சேற்றைக் கிளறியபோது செந்நிறப் புழுக்கள் நெளிந்தன. அவற்றின் உடலில் நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் போன்ற பொருள் உளது, அதனாலேயே செந்நிறம், அதனாலேயே பிராணவாயு மிகக் குறைந்த சேற்றிலும் அவை பிழைத்திருக்கின்றன. நீரை அளந்தபோது, மேலே கண்டதில் கால் பங்கும் இல்லை. அழுகும் பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் அப்பிராணவாயுவைத் தின்றுவிடுகின்றன. சோறும் குழம்பும் சோப்பு நுரையும் தமக்குக் கேடில்லாதவையாய் இருக்கலாம். ஆற்றுக்கு அவையே மூச்சடைப்பு.

மிதந்து வந்தவற்றைக் கணக்கெடுக்கச் சொன்னோம். பைகள், புட்டிகள், உணவுக்கடைப் பெட்டிகள். அவற்றோடு தேங்காய் மூடிகள், வாடிய மாலைகள், கற்பூரம் வந்த நெகிழிப் பொட்டலங்கள். முந்தின வாரந்தான் திருவிழா நடந்திருந்தது. ஆறு தெய்வம் என்று பாடுகின்றோம். அத்தெய்வத்தின் தலையில் நம் குப்பையைக் கொட்டுகின்றோம். தெய்வம் என்னாது வெறுந்தண்ணீர் என்றே எண்ணிச் சுத்தமாக வைத்துக்கொள்பவன், நம்மினும் நல்ல பக்தன் அல்லனோ?

நீரின் மேலே வானவில் நிறத்தில் ஒரு மெல்லிய படலம் தவழ்ந்தது. எண்ணெய் என்று எல்லாரும் அறிந்தனர். எண்ணெய் எவ்வளவு பரவும் என்பதற்குப் பெஞ்சமின் பிராங்க்ளின் செய்த சோதனையைச் சொன்னோம். அவர் லண்டன் நகரத்துக் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெயை ஊற்றினார். அது மெல்ல மெல்லப் பரவி ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்பை மூடியது. அதனை 1774-இல் எழுதி வெளியிட்டார். காற்றிலிருந்து நீருக்குள் பிராணவாயு இறங்குவதற்கு அப்படலம் தடையாகிறது. வண்டியில் ஓடித் தேய்ந்த எண்ணெயாயின், உலோகத் துகளும் நஞ்சும் உடன் வருகின்றன. "இது எங்கிருந்து வருகிறது, போய்ப் பார்க்கலாம் ஐயா" என்று பிள்ளைகள் துடித்தனர். சாக்கடையின் ஓரமாகவே மேல்நோக்கி நடந்தோம். பட்டறைத் தெருவை அடையுமுன் சாக்கடை இரண்டாகப் பிரிந்தது. முன்னே சென்ற அந்தப் பேசாத மாணவன், "இந்தப் பக்கம்" என்று இடப்புறம் திரும்பினான். அப்பக்கத்தில் எண்ணெய் இல்லை. நேரமாகிவிட்டதென்று திரும்பினோம். அப்பொழுது நாம் ஒன்றும் ஐயுறவில்லை.

வியாழக்கிழமை ஒரு மாணவியின் பாட்டியார் படிப்பகத்திற்கு வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து, கையில் குழலைப் பிடித்து, செம்பனை வரிசைகளில் புல்லைக் கருக்கிக்கொண்டு நடந்தவர். "என்ன மருந்து அம்மா?" என்று கேட்டோம். "பேர் யாருக்கு வாத்தியாரே தெரியும்? நீல மருந்து என்போம். காலையில் கலக்கிக் கொடுப்பார்கள். முதுகில் ஒழுகும். மத்தியானம் அதே கையால் சோறு தின்போம். நகம் எல்லாம் கழன்று போச்சு. மூக்கிலே இரத்தம் வரும். வெயில் சூடு என்று கிராணி சொல்வார்" என்றார். பேத்தி அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்விரல்களை அவள் நாள்தோறும் கண்டவள்தான். அன்றே முதன்முறையாகப் பார்த்தாள் போலும்.

அம்மருந்து பாராகுவாட் என்பதை அவர் சொன்ன அடையாளங்களால் அறிந்தோம். களைகளைச் சில மணி நேரத்தில் கருக்குவது. நகத்தைக் கெடுப்பதும் மூக்கில் இரத்தம் வடியச் செய்வதும் அதன் இயல்பு. விழுங்கியவருக்கு மாற்று மருந்து கிடையாது. மண்ணில் விழுந்தால் களிமண் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால் நீரில் அதிகம் கரைந்து ஓடாது என்று அதனை விற்றவர் பெருமை பேசினர். உண்மைதான். ஆனால் மனித உடலிலும் அதனைப் பற்றிச் சேர்த்துக்கொள்ளும் ஓர் உறுப்பு உண்டு, அது நுரையீரல். மலேசிய அரசாங்கம் 2002-இல் அதற்குத் தடை அறிவித்து, 2006-இல் அத்தடையைத் தளர்த்தி, 2020 சனவரி முதல் நாளிலிருந்துதான் முற்றிலும் தடுத்தது.

"சட்டம் போட்டால் முதலாளிகள் கேட்பார்களா ஐயா?" என்றான் ஒரு சிறுவன். கேட்ட கதையும் உண்டு என்றோம். செம்பனை ஆலைக் கழிவு, சுத்திகரிக்கப்படாதபோது, ஒரு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயுவை வேண்டி நிற்பது. எட்டு மில்லிகிராம் வைத்திருக்கும் ஆறு அதற்கு எங்ஙனம் ஈடு கொடுக்கும்? ஆறுகள் நாறின, மீன்கள் மிதந்தன. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கு விதிகள் பிறந்தன. 1978-இல் 5,000 என்று வைத்த எல்லையைப் படிப்படியாகக் குறைத்து, 1984-இல் 100-க்குக் கொணர்ந்தனர். ஆலைகள் குளங்கள் வெட்டிக் கழிவைத் தெளிவிக்கக் கற்றன. இயலாது என்றவர் இயற்றிக் காட்டினர்.

இதனைக் கேட்டு அக்கிழவியார் ஒரு வார்த்தை சொன்னார்: "மீனுக்குச் சீக்கிரம் சட்டம் வந்திருக்கு." அவர் அதனைக் கோபமாகச் சொல்லவில்லை. நமக்கோ அவ்வார்த்தை சுட்டது. ஆற்றைக் காக்க 1977-இல் வந்த விதி, ஆற்றங்கரையில் மருந்து சுமந்த தமிழ்ப் பெண்ணைக் காக்க 2020 வரையில் வரவில்லை. சுற்றுச்சூழல் என்றால் மரமும் மீனும் மட்டுமே என்று எண்ணுவோர், அச்சூழலில் நின்று உழைத்த மனிதனையும் அதில் சேர்த்து எண்ணுவார்களாக.

வெள்ளிக்கிழமை மாலை குவாலா சிலாங்கூர் சென்றோம். ஆற்றின் முடிவைக் காட்ட வேண்டும் என்பது நம் எண்ணம். இருட்டிய பின், இயந்திர ஒலியற்ற படகில் கம்போங் குவாந்தான் கரையோரம் சென்றபோது, பெரெம்பாங் மரங்கள் மின்மினிகளால் ஒளிர்ந்தன. ஒன்று மின்ன எல்லாம் மின்னி, ஒன்று அணைய எல்லாம் அணைந்தன. ஆண் மின்மினிகள் பெண்ணை அழைக்கும் குறி அது. அவற்றின் புழுக்கள் கரையோரத்து ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. மரமும் வேண்டும், கரையும் வேண்டும், சேறும் நத்தையும் கெடாதிருத்தல் வேண்டும். கரைக்காடு வெட்டப்பட்ட இடங்களில் அவை குறைந்துவிட்டன. "நமதூர் லோங்காங்கும் இங்கேதான் வந்து சேர்கிறது" என்று சொல்லி நிறுத்தினோம். பிள்ளைகள் பேசவில்லை.

திரும்பும்போது, வேனில் எல்லாரும் உறங்கிய பின், அந்த மாணவன் நம்மருகே வந்து அமர்ந்தான். முன்னே அவன் தந்தையார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். "ஐயா, அன்றைக்கு நான் வேண்டுமென்றேதான் இடப்பக்கம் திரும்பினேன். எண்ணெய் வலப்பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் பட்டறைப் பின்புறம்" என்று காதோடு சொன்னான். நாம் அவன் தோளைத் தட்டி, "சரி, அதை விடு. தூங்கு" என்றோம். அது அன்பென்று அப்பொழுது நினைத்தோம்.

சனிக்கிழமை பெற்றோருக்குக் காட்சி. சுவர் முழுதும் நமதூர்ச் சாக்கடைகளின் பெரிய வரைபடம். அழுக்கு சேரும் இடந்தோறும் கறுப்புப் புள்ளி. காலையில் நாம் சென்று பார்த்தபோது, பட்டறைத் தெருவின் பின்னே, முந்தின நாள் இல்லாத புள்ளி ஒன்று இருந்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. நமக்குத் திகில் உண்டாயிற்று. வேன் தந்தவர், கூலி வாங்காதவர், ஊரார் நடுவே, சொந்த மகன் கையால் அவமானப்படுவதோ? அடுத்த ஆண்டு எவர் நம்மிடம் பிள்ளையை அனுப்புவார்? இவ்வெண்ணங்களில் எது இரக்கம், எது நம் சொந்தச் சௌகரியம் என்று பிரித்துப் பார்க்க நமக்கு அவகாசமில்லை. அல்லது பார்க்க விருப்பமில்லை. வெள்ளைத் தாளைத் துண்டாகக் கத்தரித்துப் பசை தடவி அப்புள்ளியின்மேல் ஒட்டிவிட்டோம்.

மாணவன் வந்தான். வரைபடத்தின் முன் நெடுநேரம் நின்றான். தாளைக் கிழிக்கவில்லை. நம்மிடம் வந்து, தன் நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்தைத் திறந்து காட்டினான். "எழுதியதை அழிக்காதே என்று நீங்கள்தானே ஐயா எழுதிப்போட்டீர்கள்?" என்றான்.

வாசகர்களே, நாம் பல மேடைகளில் பேசியவர். தோட்ட முதலாளியின் கொடுமையையும், ஆலைக்காரரின் பேராசையையும், கோயிலாரின் அலட்சியத்தையும் அஞ்சாது கண்டித்து எழுதியவர். பதினைந்து வயதுச் சிறுவனுக்கு விடை சொல்ல அன்று நமக்கு நா எழவில்லை. ஒட்டிய தாளை நாமே உரித்தோம். பசை நன்றாகப் பிடித்திருந்தது. வரைபடத்தின் மேல்தாளும் உடன் கிழிந்து வந்தது. புள்ளியைச் சுற்றி வெள்ளை வடு தோன்றி, முன்னினும் எடுப்பாகத் தெரிந்தது.

பத்து மணிக்குத் தந்தையார் வந்தார். மகன் ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே வந்து, அவ்விடத்தில் நின்றான். அவர் பார்த்தார். "இது யார் வைத்தது?" என்றார். "நான்தான் அப்பா" என்றான். சுற்றியிருந்தோர் பேச்சு அடங்கிற்று. அவர் மகனை ஒன்றும் சொல்லவில்லை. நம்மை நோக்கி, "வாத்தியாரே, இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். லைசென்ஸ் கேட்டு வந்தார்கள், வரி கேட்டு வந்தார்கள். இந்த எண்ணெயை என்ன செய்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இன்றைக்கு என் மகன் கேட்கிறான்" என்றார். தேய்ந்த எண்ணெய் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு என்பதையும், அதனைப் பீப்பாயில் சேர்த்து வைத்தால் உரிமம் பெற்றோர் வந்து எடுத்துச் செல்வர் என்பதையும் சொன்னோம். அவர் தலையசைத்தார். தேநீர் அருந்தாமலே சென்றுவிட்டார். போகும்போது வேனின் சாவியைச் சட்டைப் பையில் தடவிப் பார்த்துக்கொண்டார். அச்சிறு செய்கை இன்னும் நம் கண்முன் நிற்கிறது.

இவ்விடத்தில் ஒன்று தெளிவாகக் கூறுதல் வேண்டும். இருபது ஆண்டு பெண்கள் முதுகில் நஞ்சைச் சுமத்திய தோட்டத்தாரையும், எங்கே ஊற்றுவதென்று அறியாது சாக்கடையில் ஊற்றிய பட்டறைக்காரரையும் ஒரே தராசில் வைத்தல் அநியாயம். முன்னவர் அறிந்தோ, அறிந்துகொள்ள வேண்டிய நிலையில் இருந்தோ செய்தவர், இலாபம் கண்டவர். பின்னவருக்குச் சொல்வாரில்லை. எளியவனின் புள்ளியைப் பெரிதாக்கி, வலியவனின் புள்ளியை மறைப்பது அறிவியல் அன்று. ஆயினும் வலியவனின் புள்ளியைக் காட்டுகின்ற கையே நம்மவன் புள்ளியின்மேல் தாள் ஒட்டுமாயின், நாளை அந்த வலியவன் "உன் வரைபடத்தில் எத்தனை தாள்?" என்று கேட்பான். அப்பொழுது அப்பாட்டியாரின் விரல்களைச் சாட்சியாகக் காட்டவும் நமக்கு யோக்கியதை இராது. சுயமரியாதை என்பது நம் குறையை நாமே முதலில் அளந்து எழுதிவைக்கும் துணிவையும் சேர்த்ததே என்பதை, அச்சொல்லை எத்தனையோ ஆண்டுகளாக உச்சரித்துவரும் நாம், ஒரு சிறுவனிடம் கற்றோம்.

இரண்டு வாரம் அம்மாணவன் படிப்பகம் பக்கம் வரவில்லை. வீட்டில் என்ன நிகழ்ந்ததோ என்று நாம் வருந்தியது உண்மை; சென்று கேட்கத் துணியாததும் உண்மை. மூன்றாம் வாரம் வந்தான். சோதனைப் பெட்டியை இரவல் கேட்டான், கொடுத்தோம். சென்ற வாரம் அத்தெரு வழியே சென்றபோது, பட்டறைப் பின்புறத்தில் இரண்டு பீப்பாய்கள் மூடியிட்டு நிற்கக் கண்டோம். தந்தையார் வண்டியின் அடியிலிருந்து எழுந்து வந்து, "லாரிக்காரன் மாசக் கடைசியில் வருகிறேன் என்றிருக்கிறான், வந்தால்தான் தெரியும்" என்றார். பேச்சில் பழைய மலர்ச்சி இல்லை, பகையும் இல்லை.

சாக்கடையில் எண்ணெய்ப் படலம் இன்னும் ஓடுகிறது. அத்தெருவில் வேறு பட்டறைகளும் உள. வரைபடம், வெள்ளை வடுவுடன், படிப்பகச் சுவரிலேயே இருக்கிறது. அடுத்த விடுமுறைக்குக் கணிதம் நடத்துமாறு பெரியவர்கள் கேட்டிருக்கின்றனர். நடத்துவோம். பிள்ளைகளோ, அவ்வலப்பக்கத்துக் கால்வாயை முதலிலிருந்து மறுபடியும் அளக்க வேண்டும் என்கின்றனர். அதற்கும் நாள் குறித்திருக்கின்றோம்.